பழ அடை சொல்லும் பாடம்

முப்பத்துநான்கு ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்றவன் நான். அவற்றுள் கடைசி எட்டு ஆண்டுகள் தலைமையாசிரியனாக இருந்தேன். அப்படிப்பட்டவன் ஓய்வு பெற்ற பிறகு வானொலிக்கு வந்து அடுப்பங்கரையைப் பற்றிப் பேசப் போகிறான் என்றால் உங்களுள் சிலருக்குச் சிரிப்பு வரலாம். சிரித்துவிட்டுக் கேளுங்கள். நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் பழ அடை. கனிந்த பழத்தைப் பிசைந்து, மாவோடு கலந்து, தோசைக்கல்லில் உள்ளங்கை அகலத்துக்கு ஊற்றிச் சுட்டெடுக்கும் இனிப்புப் பண்டம் அது. சில வீடுகளில் பழத்தோசை என்பார்கள். ஆங்கிலேயர் பான்கேக் என்பார்கள். பெயர் எதுவாயினும் பண்டம் ஏறக்குறைய ஒன்றே.

எங்கள் ஊர் ஆலங்காயம். வாணியம்பாடிக்குக் கிழக்கே, ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. நான் சிறுவனாக இருந்தபோது அது வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. 2019-ஆம் ஆண்டு முதல் திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. மலையிலிருந்து சாமையும் புளியும் தேனும் பலாவும் சீத்தாப்பழமும் இறங்கிவரும். ஊரிலிருந்து ஆடவர் பலர் வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் தோல் பதனிடும் வேலைக்குப் போவார்கள். என் தந்தையாரும் அப்படிப் போனவரே. வாரக் கூலி வாங்கும் நாளில், சந்தை கலையும் நேரம் பார்த்து, விலை போகாமல் கறுத்துக் கிடக்கும் பூவன் பழங்களை மலிவாக வாங்கி வருவார். அந்தக் கறுத்த பழங்கள்தாம் மறுநாள் காலையில் எங்கள் வீட்டில் பழ அடையாக மாறும்.

மாவு எங்கிருந்து வந்தது என்பதும் ஒரு வரலாறு. 1965, 1966-ஆம் ஆண்டுகளில் நாட்டின் பல பகுதிகளில் மழை பொய்த்தது. அரிசி கிடைப்பது அரிதாயிற்று. அமெரிக்க நாட்டின் பொதுச் சட்டம் 480 என்னும் ஏற்பாட்டின்கீழ்க் கோதுமை கப்பல் கப்பலாக வந்தது. 1966-ஆம் ஆண்டில் இந்தியா ஏறத்தாழ ஒரு கோடி டன் உணவுத் தானியம் இறக்குமதி செய்தது. பங்கீட்டுக் கடைகளில் அரிசிக்குப் பதிலாகக் கோதுமையை அளந்தார்கள். தலைமுறை தலைமுறையாக அரிசியும் சாமையும் கேழ்வரகும் சமைத்த எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அந்த மாவை என்ன செய்வதென்றே தெரியவில்லை. சப்பாத்தி இட அம்மாவுக்கு அப்போது பழக்கமில்லை. களி கிளறினால் நாங்கள் முகம் சுளித்தோம். அதனால் அம்மா கறுத்த பழத்தையும் புதிய மாவையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. பஞ்சத்தின் பண்டம் அது என்பது எங்களுக்குத் தெரியாது. பண்டிகை என்றே எண்ணினோம்.

இத்தகைய பண்டங்கள் பல நாடுகளில் சிக்கனத்திலிருந்தே பிறந்திருக்கின்றன. இங்கிலாந்தில் கிறித்தவர்களின் தவக்காலம் தொடங்குவதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை அன்று, வீட்டில் மிஞ்சியிருக்கும் முட்டையையும் வெண்ணெயையும் வீணாக்காமல் தீர்ப்பதற்காகப் பான்கேக் சுடுவது பழைய வழக்கம். மலேசியாவில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைகளில் ரொட்டி பீசாங் என்ற பண்டம் கிடைக்கும். பீசாங் என்றால் மலாய் மொழியில் வாழைப்பழம். நம் நாட்டிலும் இது புதிதன்று. மதுரைக் கடைத்தெருவில் இரவில் அடை விற்றவர்களை மதுரைக்காஞ்சி நமக்குக் காட்டுகிறது. கார்த்திகைக்கு அப்பம் சுடும் வீடுகளில் மாவோடு வாழைப்பழத்தைப் பிசைந்து சேர்ப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இனி, நான் பேச வந்த செய்திக்கு வருகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் கோடை விடுமுறைக்கு என் பேத்தி வந்திருந்தாள். ஒருநாள் மாலை, "தாத்தா, நீங்க சின்ன வயசுல என்ன பலகாரம் சாப்பிடுவீங்க?" என்று கேட்டாள். பழ அடையைப் பற்றிச் சொன்னேன். "எனக்குச் செய்து கொடுங்க" என்றாள். செய்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பழம் இருக்கிறது, மாவு இருக்கிறது, எரிவாயு அடுப்பு இருக்கிறது. ஆனால் அம்மா இல்லை. 2003-ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார்கள். எத்தனையோ நூறு முறை உண்ட பண்டத்தை எப்படிச் செய்வது என்று ஒருமுறைகூட அவர்களிடம் நான் கேட்டதில்லை.

முதல் நாள் செய்த அடை துவர்த்தது. கடையிலிருந்து பளபளவென்று மஞ்சளாக, காம்பில் பச்சை மாறாத பழங்களை வாங்கி வந்திருந்தேன். நல்ல பழம் என்பது என் எண்ணம். மாணவர்களுக்கு வாழைப்பழம் பழுப்பதைப் பற்றிப் பலமுறை பாடம் நடத்தியவன்தான் நான். வாழைக்காயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மாச்சத்து. காய் பழுக்கும்போது எத்திலீன் என்னும் வாயு அதனுள்ளேயே சுரக்கிறது. அந்த வாயுவின் தூண்டுதலால் நொதிகள் மாச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. நன்கு கனிந்த பழத்தில் மாச்சத்து நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்காகக் குறைந்து, அதன் இடத்தைச் சர்க்கரை பிடித்துக்கொள்கிறது.

துவர்ப்புக்குக் காரணம் டானின் என்னும் பொருள். இதை எங்கள் பக்கத்து மாணவர்களுக்கு விளக்குவது எளிது. ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் ஊறவைத்த நீரில் தோலைப் போட்டுப் பதனிடும் முறையை அவர்களின் பாட்டன்மார் அறிவார்கள். அந்தப் பட்டையிலும் காயிலும் இருப்பது டானின். அது தோலில் உள்ள புரதத்தோடு இறுகப் பிணைந்து, அழுகும் தோலை அழுகாத தோலாக்குகிறது. வாழைக்காயைக் கடித்தால் நாக்கு இழுத்துக்கொள்வதும் அதனால்தான். காயின் டானின் நம் உமிழ்நீரில் உள்ள புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. பழம் கனியக் கனிய டானின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, கரையும் தன்மையை இழக்கின்றன, துவர்ப்பு அடங்குகிறது. என் தந்தையார் ஆலையில் கையாண்ட அதே பொருள்தான் அவர் வாங்கிவந்த பழத்தில் அடங்கிப்போயிருந்தது. தோல் கறுத்து, உள்ளே இனித்து, விலை மலிந்த பழமே அடைக்கு ஏற்ற பழம். வறுமை காரணமாக அவர் வாங்கியது அறிவியலும் தேர்ந்தெடுக்கும் பழமாக இருந்தது.

இரண்டாம் நாள் கறுத்த பழமே வாங்கினேன். பழத்தையும் மாவையும் தண்ணீரையும் மின் அரைவைக் கலத்தில் போட்டு வேகமாக ஓடவிட்டேன். மாவு நீர்த்துப் போயிற்று. மேலும் மாவைக் கொட்டி, மேலும் ஓடவிட்டேன். அடை வார்த்தேன். பேத்தி ஒரு துண்டைக் கடித்து இழுத்தாள். அது நீண்டதே தவிர அறுபடவில்லை. "தாத்தா, இதை ஆம்பூருக்கு அனுப்புங்க, செருப்புத் தைக்கலாம்" என்றாள். வீடே சிரித்தது; நானும் சிரித்தேன்.

இங்கே இரண்டு பிழைகள் இருந்தன. முதலாவது தண்ணீர். வாழைப்பழத்தின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர்தான். பலாச்சுளையும் அப்படியே. மாம்பழத்திலும் கொய்யாவிலும் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நீர் இருக்கும். ஆகவே பழத்தைச் சேர்ப்பது என்பது பெரும்பாலும் தண்ணீரைச் சேர்ப்பதுதான். பழத்தைப் பிசைந்து மாவோடு கலந்த பிறகே, தேவையானால் நீரைக் கரண்டி கரண்டியாக விட வேண்டும்.

இரண்டாவது பிழை கோதுமையின் இயல்பை மறந்தது. கோதுமை மாவில் இரண்டு வகைப் புரதங்கள் உள்ளன. நீர் பட்டு, பிசையவோ அடிக்கவோ படும்போது அவை பின்னிக்கொண்டு குளூட்டன் என்னும் மீள்தன்மையுள்ள வலையாகின்றன. ரொட்டிக்கும் பரோட்டாவுக்கும் அந்த வலை வேண்டும். அடைக்கு வேண்டாம். அடைமாவைக் கையாலோ கரண்டியாலோ பத்துப் பதினைந்து சுற்றுக் கலந்தால் போதும். சிறுசிறு கட்டிகள் இருந்தாலும் கேடில்லை. பிறகு கால் மணி நேரம் மூடிவைத்தால் மாவு நீரை உறிஞ்சித் தானே மென்மையாகும். அம்மா மாவைக் கலந்து வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். அது களைப்பு என்று நாங்கள் எண்ணினோம். களைப்பும் இருந்திருக்கும், ஆனால் மாவுக்கும் அந்த ஓய்வு தேவைப்பட்டது.

மூன்றாம் நாள் நடந்ததைச் சொல்லும் முன், 1980-ஆம் ஆண்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் ஆசிரியப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த காலம். உடன் பயின்ற நண்பர் ஒருவரை விடுமுறைக்கு வீட்டுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். விருந்தாளிக்காக அம்மா பழ அடை சுட்டார்கள். கல் காய்ந்ததும், எரிந்துகொண்டிருந்த விறகை அடுப்பிலிருந்து வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்தார்கள். அடுப்பில் தணல் மட்டும் இருந்தது. அதன்மேல்தான் அடை மெல்ல வெந்தது. எப்போதும் அவர்கள் அப்படித்தான் செய்வார்கள். நண்பர் எதிரில் எனக்கு அது அவமானமாகப் பட்டது. "விறகுக்குக் கூடவா அம்மா நம் வீட்டில் பஞ்சம்?" என்று கேட்டுவிட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. முதல் அடையை நண்பரின் இலையில் வைத்தார்கள்.

இப்போது மூன்றாம் நாளுக்கு வருகிறேன். மாவு சரியாக அமைந்தது. அடுப்பை முழு வீச்சில் எரியவிட்டு, சாதாரணத் தோசைக்கு ஊற்றுவதுபோல் ஊற்றினேன். ஒரு நிமிடத்துக்குள் அடிப்பக்கம் கரியாயிற்று. திருப்பிப் போட்டேன், மறுபக்கமும் கரியாயிற்று. பிட்டுப் பார்த்தால் நடுவில் பச்சை மாவு.

காரணம் இதுதான். பழத்தின் சர்க்கரையும் மாவின் புரதக் கூறுகளும் சூட்டில் ஒன்றோடொன்று வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் வறுத்த மணத்தையும் தருகின்றன. 1912-ஆம் ஆண்டில் இவ்வினையை விளக்கிய பிரெஞ்சு அறிஞர் லூயி காமில் மெயிலார்டின் பெயரால் அது வழங்குகிறது. 140 பாகை செல்சியசுக்கு மேல் அது மிக விரைவாக நடக்கும். அதோடு சர்க்கரையும் தானே கருகும். நாம் காப்பிக்குப் போடும் சர்க்கரை கருகத் தொடங்க ஏறத்தாழ 160 பாகை வெப்பம் வேண்டும். பழச்சர்க்கரைக்கோ 110 பாகையே போதும். முழு வீச்சில் எரியும் அடுப்பின்மேல் தோசைக்கல்லின் சூடு 200 பாகையை எளிதில் தாண்டும். வெறும் அரிசித் தோசை அதைத் தாங்கும். பழ அடை தாங்காது. அடை தடிப்பமானது ஆகையால் உட்பகுதிக்குச் சூடு போய்ச்சேர நேரமும் வேண்டும். ஆகவே கல்லை நன்றாகக் காயவைத்து, பிறகு தீயைத் தணித்து, மூடிவைத்து மெல்ல வேகவிட வேண்டும்.

தீயைத் தணிக்க வேண்டும்! விறகடுப்பில் அதற்குத் திருகு ஏது? விறகை வெளியே இழுப்பதுதான் வழி. கையில் கரண்டியோடு அந்தக் கருகிய அடையின் முன் நான் நின்றேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எனக்கு விளங்காமல் இருந்தது அப்போது விளங்கிற்று. அம்மா சிக்கனத்துக்காக விறகை இழுக்கவில்லை. மெயிலார்டின் பெயரை அவர்கள் கேட்டதில்லை. எந்தச் சூட்டில் பழம் கருகும், எந்தச் சூட்டில் மாவு வேகும் என்பதைக் கையை அடுப்பருகே நீட்டியே அறிந்துவைத்திருந்தார்கள். அறிவியல் கற்பிக்கப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த நானோ, கண்ணெதிரே நடந்த அறிவியலை வறுமை என்று ஏளனம் செய்தேன். மன்னிப்புக் கேட்கவும் இனி வழியில்லை.

அன்று இரவு வாணியம்பாடியில் இருக்கும் என் அக்காவைத் தொலைபேசியில் அழைத்தேன். எழுபது வயதைக் கடந்தவர். நடந்ததைச் சொன்னேன். அக்கா சிரித்துவிட்டு, "தம்பி, புளிச்ச மோர் ஊத்தினியா?" என்றார். இல்லை என்றேன். "சோடா மட்டும் போட்டா சவுக்காரம் மாதிரி இருக்கும்டா. அம்மா மோர் இல்லாம சோடாவைத் தொடமாட்டாங்க" என்றார்.

இதற்கும் காரணம் உண்டு. ஆப்ப சோடா என்பது சோடியம் பைகார்பனேட். அது புளிப்பான ஒரு பொருளோடு சேரும்போது கரியமில வாயுவை வெளியிடுகிறது. அந்த வாயுக் குமிழிகளே அடையை உப்பவைத்து மென்மையாக்குகின்றன. போதிய புளிப்பு இல்லாவிட்டால் சூட்டினால் மட்டும் சோடா சிதைந்து சோடியம் கார்பனேட்டாகிறது. அதுதான் வாயில் சவுக்காரச் சுவை. பூவன் பழத்தில் சிறிது புளிப்பு உண்டு. ஆனால் அது போதாது. மோரில் உள்ள லாக்டிக் அமிலம் அந்தக் குறையைத் தீர்க்கிறது. கலந்தவுடன் வாயு கிளம்பத் தொடங்கிவிடும் ஆகையால், சோடாவை முதலிலேயே போடாமல், மாவு ஓய்வெடுத்த பின் வார்ப்பதற்குச் சற்று முன் போட வேண்டும்.

நான்காம் நாள் அடை வந்தது. அதன் அளவை உங்களுக்குச் சொல்லுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். நன்கு கனிந்த பூவன் பழம் மூன்று. கோதுமை மாவு ஒரு கிண்ணம், அதாவது ஏறத்தாழ 120 கிராம். பொடித்த வெல்லம் இரண்டு தேக்கரண்டி. புளித்த மோர் ஒரு சிறு கரண்டி. ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு ஏலக்காயின் பொடி. ஆப்ப சோடா ஒரு சிட்டிகை மட்டும். பழத்தைக் கையால் பிசைந்து, வெல்லமும் மோரும் உப்பும் ஏலப்பொடியும் கலந்து, மாவைத் தூவிச் சில சுற்றுக் கலக்குங்கள். இட்லி மாவின் பதத்துக்கு வரும்வரை மட்டும் நீர் விடுங்கள். கால் மணி நேரம் மூடிவைத்துப் பிறகு சோடாவைச் சேருங்கள். கல்லைக் காயவைத்து, சிறிது நெய்யோ எண்ணெயோ தடவி, தீயைத் தணித்து, உள்ளங்கை அகலத்துக்கு ஊற்றி மூடுங்கள். மேற்பரப்பில் குமிழிகள் தோன்றி உடைந்து, விளிம்பின் ஈரம் மறையும்போது திருப்புங்கள். ஆறேழு அடைகள் வரும். உங்களுள் சிறியவர்கள் வீட்டில் பெரியவர் ஒருவர் அருகில் இருக்கும்போதுதான் அடுப்பைத் தொட வேண்டும்.

பேத்தி மூன்று அடைகள் தின்றாள். பிறகு அவள் கேட்ட கேள்விதான் சிறப்பு. "தாத்தா, வேற பழத்துல செய்ய முடியுமா?" நல்ல மாணவர் கேட்கும் கேள்வி அது. அடிப்படை விளங்கிவிட்டால் அடுத்த படி புதிதாக ஒன்றைப் படைப்பதுதானே?

சீத்தாப்பழக் காலம் வந்தபோது மீண்டும் முயன்றோம். மலையடிவாரத்தில் அக்காலத்தில் சீத்தாப்பழம் குவிந்து கிடக்கும். இரண்டு நாளில் அழுகியும் போகும். அதன் விழுதை வாழைப்பழம்போலவே மாவில் கலந்து சுட்டேன். அடை கசந்தது. மறுபடியும் அக்காவைக் கேட்டேன். "சீத்தாப்பழத்தை யாராவது தீயில காட்டுவாங்களா? அம்மா அடையைச் சுட்டு இறக்கிட்டு, மேலே தடவித்தான் கொடுப்பாங்க" என்றார். சீத்தாப்பழ விழுதைச் சூடேற்றினால் கசப்பு உண்டாகிறது என்பதைப் பழப் பதனீட்டு ஆய்வுகளும் கூறுகின்றன. ஆகவே சீத்தாப்பழத்துக்கு வழி வேறு: வெறும் மாவில் இனிப்புக் குறைத்துச் சுட்ட அடை ஆறியபின், விதை நீக்கிய விழுதை அதன்மேல் பரப்பி உண்ண வேண்டும். விதைகளை ஒன்றுவிடாமல் நீக்கிவிடுங்கள். அவற்றில் நச்சுத்தன்மை உண்டு, அவற்றின் பொடி கண்ணில் பட்டால் பெருந்தீங்கு.

பலாப்பழத்துக்குச் சாமை மாவைத் தேர்ந்தெடுத்தோம். சாமை ஜவ்வாது மலை மக்களின் பழைய உணவு. அதில் குளூட்டன் இல்லை. எனவே அடை இழுபடாது, ஆனால் உதிரும். அதைப் பிடித்துவைக்க உளுந்து வேண்டும். சாமை ஒரு கிண்ணத்துக்கு உளுந்து கால் கிண்ணம் ஊறவைத்து அரைத்து இரவு முழுதும் புளிக்கவைத்தோம். புளிக்கும்போது லியூக்கோநாஸ்டாக் போன்ற நுண்ணுயிர்கள் அமிலத்தையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகின்றன. உளுந்தின் வழவழப்பு அக்குமிழிகளைச் சிறைப்படுத்துகிறது. ஆகையால் இங்கே சோடாவே வேண்டியதில்லை. பலாச்சுளையை நார் அறும்படி பொடியாக நறுக்கி, வெல்லத்தோடு வாணலியில் நீர் வற்றக் கிளறி, ஆறவைத்து, காலையில்தான் மாவில் சேர்த்தோம். முதல்நாள் இரவே சேர்த்தால் பழத்தின் சர்க்கரையை நுண்ணுயிர்கள் தின்று மாவை அளவுக்கு மீறிப் புளிக்கச் செய்துவிடும். இந்த அடை எங்கள் வீட்டில் இதற்கு முன் யாரும் செய்யாதது. பேத்தி அதற்கு ‘மலை அடை’ என்று பெயர் வைத்தாள்.

மாணவ நண்பர்களே, நீங்களும் இப்படிப் புதிய அடைகளைப் படைக்கலாம். மாம்பழம் உண்டு, கொய்யா உண்டு, சப்போட்டா உண்டு. ஆனால் ஒழுங்கோடு செய்யுங்கள். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பழத்தை மாற்றினால் மாவை மாற்றாதீர்கள். மாவை மாற்றினால் தீயை மாற்றாதீர்கள். அளவையும் விளைவையும் ஏட்டில் குறித்துவையுங்கள். தோற்ற அடையையும் குறித்துவையுங்கள். அதுதான் அதிகம் கற்றுத்தரும். ஆய்வுக்கூடத்தில் நடக்கும் சோதனைக்கும் இதே விதிதான். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: அடையில் போட்ட பழம் தனியே தின்னும் பழத்துக்கு ஈடாகாது. சூட்டினால் வைட்டமின் சி-யின் ஒரு பகுதி அழிந்துவிடுகிறது. நாளொன்றுக்கு 100 கிராம் பழம் உண்ண வேண்டும் என்று ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியில் கூறுகிறது. அதைப் பச்சையாக உண்ணுங்கள்; கறுத்து மிஞ்சியதை அடையாக்குங்கள்.

1937-ஆம் ஆண்டில் வார்தாவில் கூடிய மாநாட்டில் காந்தியடிகள் ஆதாரக் கல்வியை முன்வைத்தார். கையால் செய்யும் தொழிலின் வழியே அறிவை வளர்க்க வேண்டும் என்பது அதன் கருத்து. பயிற்சிக் காலத்தில் அதைப் படித்துத் தேர்வும் எழுதினேன். நூற்பதும் நெய்வதும் தோட்டமிடுவதும் தொழில் என்று ஏற்ற என் மனம், சமைப்பதை மட்டும் ஏற்கவில்லை. அது பெண்களின் வேலை என்று ஒதுக்கிவிட்டது. ஆண் பிள்ளைகளுக்குச் சிறப்பாகச் சொல்கிறேன்: அந்தப் பிழையை நீங்கள் செய்யாதீர்கள்.

எங்கள் ஊரிலிருந்து ஜவ்வாது மலைமேல் ஏறினால் காவலூர் வரும். அங்கே வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986-ஆம் ஆண்டு அங்கு நிறுவப்பட்ட தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் குறுக்களவு உடையது. ஆண்டுதோறும் மாணவர்களை அங்கே அழைத்துச் சென்று, ‘இதோ அறிவியல்’ என்று காட்டியிருக்கிறேன். அது சரியே. ஆனால் மலையடிவாரத்து வீடு ஒன்றில், புகை சூழ்ந்த அடுப்பின் முன் அமர்ந்து, எழுத்தறியாத ஒரு தாய் விறகை இழுத்துச் சூட்டை அளந்தாரே, அதையும் அறிவியல் என்று நான் காட்டியிருக்க வேண்டும். காட்டத் தவறினேன்.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இன்று மாலை வீட்டுக்குப் போனதும், உங்கள் அம்மாவோ பாட்டியோ அத்தையோ செய்யும் ஒரு பண்டத்தைத் தேர்ந்தெடுங்கள். அருகில் அமர்ந்து பாருங்கள். அவர்கள் செய்யும் ஒவ்வொன்றுக்கும் ‘ஏன்?’ என்று கேளுங்கள். "தெரியாது, எங்கம்மா இப்படித்தான் செய்வாங்க" என்று பதில் வந்தால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்து அவர்களுக்குச் சொல்லுங்கள். தம் கைக்குத் தெரிந்தது ஓர் உண்மை என்று அவர்கள் அறியட்டும். அவர்கள் இருக்கும்போதே அறியட்டும்.